கோழிக் கொட்டகையில் ஈ: எச்சத்தின் ஈரத்தை எப்படிக் குறைப்பது?

கேள்வி: கடலூர் முதுநகர் பக்கம் வீடு. பின்கட்டில் சவுக்குக் கம்பும் கீற்றும் வைத்துக் கட்டிய கொட்டகையில் 15 நாட்டுக்கோழி, ஒரு சேவல். தினமும் காலையில் தண்ணீர் அடித்துக் கழுவிவிடுகிறோம், வாரம் ஒருமுறை பினாயிலும் ஊற்றுகிறோம். அப்படியும் சமையலறை வரைக்கும் ஈ மொய்க்கிறது. பக்கத்து வீட்டில் கோபப்படுகிறார்கள். என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்:

மருந்தைப் பிறகு பார்ப்போம். நாளைக் காலையிலிருந்து கொட்டகைக்குள் தண்ணீர் அடிப்பதை முதலில் நிறுத்துங்கள். சுத்தமாக வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் கழுவுகிறீர்கள். ஆனால் ஈ பெருகுவதற்கு அந்தத் தண்ணீர்தான் முதல் காரணம்.

ஒரு நாட்டுக்கோழி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 80 முதல் 100 கிராம் எச்சம் போடும். புதிதாக விழும் எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர்தான். உங்கள் 16 உருப்படியும் சேர்ந்து தினமும் ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ எச்சத்தையும், அதற்குள் ஒரு லிட்டர் தண்ணீரையும் கீழே இறக்குகின்றன. வீட்டு ஈயின் புழு வளர்வதற்கு 50 முதல் 85 சதவீதம் ஈரம் தோதானது. அதாவது, கோழி போட்ட எச்சம் போட்டபடியே ஈக்குப் பொருத்தமான தொட்டில். ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால் அதில் முட்டை பொரிந்தாலும் புழு பிழைக்காது. கழுவும்போது எச்சம் கரைந்து தரைப் பிளவிலும், கம்பங்களின் அடியிலும், கொட்டகைக்கு வெளியே தண்ணீர் வடிகிற சேற்றிலும் போய்த் தங்குகிறது. கண்ணுக்குத் தரை பளிச்சென்று இருக்கும், புழு வெளிச் சேற்றில் இருக்கும். பினாயிலும் அப்படித்தான். நாற்றத்தை ஓரிரு மணி நேரம் மறைக்கும், ஈரத்தைக் கூட்டும்.

ஈயின் நாட்கணக்கு தெரிந்தால் எதை எப்போது செய்ய வேண்டும் என்பது தானாகப் புரியும். ஒரு பெண் ஈ ஒரு தடவைக்கு 75 முதல் 150 முட்டை வரை இடும். நம்மூர் வெயிலில் அது ஒரே நாளுக்குள் பொரிந்துவிடும். வெள்ளைப் புழுவாக நாலைந்து நாள் தின்று வளர்ந்து, பிறகு ஈரத்தை விட்டு விலகிக் காய்ந்த இடம் தேடி நகர்ந்து கூட்டுப்புழுவாகும். அடுத்த நாலைந்து நாளில் ஈ வெளியே வரும். முட்டையிலிருந்து ஈ வரை 7 முதல் 10 நாள். வாரம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை கூட்டுவது என்று வைத்துக்கொண்டால், திங்கட்கிழமை இட்ட முட்டை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் புழுப் பருவத்தை முடித்து மண்ணுக்குள் போயிருக்கும். நீங்கள் அள்ளுவது அது விட்டுப்போன எச்சத்தைத்தான். அதனால் வாரம் இரண்டு முறை, மூன்று நாளுக்கு ஒரு தடவை, என்பதுதான் குறைந்தபட்சக் கணக்கு.

ஈ எங்கிருந்து வருகிறது என்று முதலில் உறுதி செய்யுங்கள்

கோழி வைத்திருப்பவர் தலையில்தான் எல்லா ஈயும் விழும். நம் பக்கத்தில் பலா, மாம்பழ சீசனில் சக்கையும் தோலும் தெருவோரம் அழுகும். முதுநகர் போன்ற இடங்களில் மீன் கழிவு இருக்கும். பக்கத்தில் மாட்டுத் தொழுவமும் இருக்கலாம். பச்சை, நீலமாக மின்னும் பெரிய ஈ அதிகமாக இருந்தால் அது மீன் குடல், செத்த எலி, செத்த குஞ்சு போன்றவற்றில் பிறந்தது. சாம்பல் நிறத்தில் முதுகில் நான்கு கறுப்புக் கோடு உள்ளதுதான் வீட்டு ஈ. அதே மாதிரி இருந்து, முழங்காலுக்குக் கீழே சுருக்கென்று கடித்தால் அது கொட்டில் ஈ. ஈர வைக்கோலும் சாணமும் கலந்து கிடக்கும் இடத்தில் பெருகும்.

சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் குடத்தின் கழுத்தை அறுத்து எடுத்துவிட்டு, அகன்ற பகுதியைச் சந்தேகப்படும் இடத்தின்மேல் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்கம் இப்போது மேலே இருக்கும். அதில் கட்டைவிரல் நுழையும் அளவு துளை போட்டு, ஒரு தெளிவான தண்ணீர் பாட்டிலின் வாயை அந்தத் துளையில் செருகி நிறுத்துங்கள். குடத்தின் ஓரத்தைச் சுற்றி மண் அணைத்து மூடுங்கள். உள்ளே இருட்டு, மேலே பாட்டிலில் மட்டும் வெளிச்சம். பிறக்கிற ஈ வெளிச்சத்தை நோக்கி ஏறிப் பாட்டிலுக்குள் அடைபடும். ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். ஒன்றைப் பரணுக்கு (கோழி இரவில் ஏறி உட்காரும் கம்புக்கு) கீழே, ஒன்றை வெளிச்சேற்றில், ஒன்றை எருக்குழியில் என்று மூன்று இடத்தில் வைத்தால், எந்த இடத்தில் ஈ பிறக்கிறது என்று சந்தேகமில்லாமல் தெரியும். பெரும்பாலும் நாம் நினைத்த இடமாக இருக்காது. தண்ணீர்ச் சட்டியின் அடியோ, எருக்குழியின் ஓரமோதான் அகப்படும்.

இதோடு ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு கொட்டகையின் சுவரோரம், செங்கல்லுக்கு அடியில், மண்ணை இரண்டு விரல்கடை ஆழம் கிளறுங்கள். சிவப்பரிசி போல, ஆறு மில்லிமீட்டர் நீளத்தில், இரு முனையும் உருண்டு, கருஞ்சிவப்பாகக் கிடந்தால் அவைதான் கூட்டுப்புழு. நசுக்கிப் பாருங்கள். வெள்ளையாகப் பிசுபிசுத்தால் உயிருள்ளது. வெறும் தோலாக நொறுங்கி, ஒரு முனை மூடி திறந்தாற்போல இருந்தால் ஈ ஏற்கெனவே பறந்துவிட்டது. உயிருள்ளவை கிடக்கும் ஓர மண்ணை நாலு அங்குலம் வெட்டி எடுத்துத் தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பிக் கடும் வெயிலில் காயவிடுங்கள், கோழியும் பொறுக்கித் தின்னும். ஆழமாகப் புதைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். கூட்டை உடைத்து வரும் இளம் ஈ தலையில் ஒரு பை போன்ற உறுப்பை ஊதி ஊதி, இளக்கமான மண்ணைத் தள்ளிக்கொண்டு ஓரடி ஆழத்திலிருந்தும் மேலே வந்துவிடும்.

பரணுக்குக் கீழே ஒரு தட்டு

செலவு குறைவு, பலன் அதிகம் என்றால் இதைத்தான் முதலில் சொல்வேன். மேய்ச்சலுக்குப் போகிற கோழி தன் எச்சத்தில் ஏறத்தாழ பாதியை இரவில் பரணில் உட்கார்ந்தபடிதான் போடுகிறது. அது ஒரே கோட்டில் விழுகிறது. அந்தப் பாதியைத் தினமும் காலையில் எடுத்துவிட்டால் வேலையில் பெரும்பங்கு முடிந்தது.

ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்றால் 16-க்கு ஏறத்தாழ 11 அடி நீளம் பரண் வேண்டும். ஆறடிச் சவுக்குக் கம்பு இரண்டை, ஒன்றேகால் அடி இடைவெளியில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் கட்டுங்கள். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். ஒன்று உயரமாக இருந்தால் எல்லாம் அதில் ஏறச் சண்டை போட்டு, எச்சம் ஒரே பக்கம் குவியும். பரணுக்குக் கீழே 6 முதல் 8 அங்குலம் விட்டு, 6 அடிக்கு 3 அடி அளவில் தட்டு ஒன்று அமையுங்கள். தகரம் நல்லது. பழைய பிளக்ஸ் பேனரும் ஆகும், ஆனால் அதைப் பலகையின்மேல் இழுத்து ஆணி அடிக்க வேண்டும். சட்டத்தில் மட்டும் கட்டினால் நடுவில் தொய்ந்து, அந்தப் பள்ளத்தில் ஈரம் சேர்ந்துவிடும். தட்டின்மேல் அரை அங்குலம் காய்ந்த செம்மண்ணோ உமியோ தூவிவையுங்கள். காலையில் கோழியைத் திறந்துவிட்டதும் கொத்தனார் கரண்டியால் ஒரு இழு இழுத்தால் மூடி போட்ட வாளிக்குள் விழும். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். வாளிக்கு மூடி அவசியம்.

கீழே தரைக்கு ஆழ்கூளம், அதாவது எச்சத்தின் ஈரத்தை உறிஞ்சும் உமி மெத்தை, போடுங்கள். 8 அடிக்கு 5 அடி கொட்டகை என்றால் நாலு அங்குல உயரத்துக்கு நெல் உமி நாலைந்து சாக்கு பிடிக்கும். பாகூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் என்று எங்கே அரவை ஆலை இருந்தாலும் கிடைக்கும். கடலைத் தோல் சேர்க்கலாம். பூஞ்சை பிடித்ததைச் சேர்க்காதீர்கள், கோழிக்கு மூச்சுத்திணறல் வரும். சவுக்குச் சருகு காற்றோட்டம் தரும், ஈரம் உறிஞ்சாது. தேங்காய் நார்க்கழிவு நேர்மாறானது, நிறைய உறிஞ்சும், உறிஞ்சியதை விடாது. அதனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கலக்க வேண்டாம்.

கூளம் சரியாக இருக்கிறதா என்று கையால் சொல்லலாம். ஒரு பிடி அள்ளி இறுக்குங்கள். விரித்ததும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், அன்றே அந்த இடத்தை எடுத்துவிட்டுப் புது உமி போட வேண்டும். லேசாக ஒட்டி உடனே உதிர்ந்தால் சரியான பதம். ஒட்டவே ஒட்டாமல் தூசி பறந்தால் தேவைக்கு மேல் காய்ந்துவிட்டது. வாரம் இரண்டு முறை கிளறுங்கள். மாலையில் ஒரு பிடி கம்போ நொய்யோ கூளத்தில் விசிறினால் பாதிக் கிளறலைக் கோழியே செய்துவிடும். பாளமாகக் கட்டிய இடத்தைக் கிளறிப் பயனில்லை. அதை அப்படியே பெயர்த்து வெளியேற்றுங்கள்.

சாம்பலும் சுண்ணாம்பும் பற்றி ஒரு எச்சரிக்கை. இரண்டும் காரத்தன்மை உடையவை. ஈரமான எச்சத்தின்மேல் கொட்டினால் அம்மோனியா குபுகுபுவென்று கிளம்பும். கண்ணெரிச்சலும் சளியும் வரும். ஈரத்தை எடுத்துவிட்ட பிறகு, காய்ந்த தரையில், 100 சதுர அடிக்கு ஒரு கிலோவுக்கு மிகாமல் நீற்றின சுண்ணாம்பு தூவலாம். நீற்றாத சுட்ட சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், கோழியின் கால் வெந்துவிடும்.

தண்ணீர்ச் சட்டியும் தீனித் தொட்டியும்

மண்சட்டியில் தண்ணீர் வைத்தால் கோழி அதில் ஏறி நின்று கவிழ்க்கும். சட்டிக்கு அடியில் ஒரு தட்டளவு நிலம் எப்போதும் நசநசவென்று இருக்கும். பல வீடுகளில் மொத்த ஈயும் பிறப்பது அந்த ஒரு தட்டளவு இடத்தில்தான். கோழியின் முதுகு மட்டத்துக்குத் தண்ணீர் விளிம்பு வரும்படி செங்கல் அடுக்கி உயர்த்துங்கள். அதன்கீழ் கம்பி வலைச் சட்டம் ஒன்று வைத்து, வலைக்கு அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி போடுங்கள். இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் வாளியின் அடியில் நிப்பிள் (கோழி அலகால் தட்டினால் மட்டும் தண்ணீர் விடும் சின்ன முனை) பொருத்தித் தொங்கவிடுங்கள். ஆறு ஏழு கோழிக்கு ஒன்று என்று மூன்று நிப்பிள் தாராளம். சொட்டுகிறதா என்று வாரம் ஒருமுறை கீழே விரலை வைத்துப் பாருங்கள். வாத்தும் வைத்திருந்தால் அதைக் கோழிக் கொட்டகையில் சேர்க்காதீர்கள். வாத்து இருக்கும் இடத்தை உலர்த்த முடியாது.

பழைய சோறு, பிசைந்த தவிடு கொடுப்பது தவறில்லை. ஆனால் அரை மணி நேரத்தில் தின்று முடிக்கும் அளவுதான், அதுவும் தொட்டியில்தான். மிச்சத்தை எடுத்துவிடுங்கள். தரையில் கொட்டிய ஈரத் தவிடு சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். ஈக்கு எச்சத்தைவிட அது பிடிக்கும்.

நம் கடற்கரையோரத்துக்கே உரிய ஒரு விஷயம், கருவாட்டுத் தூளும் மீன் கழிவும். புரதம் கிடைக்கும் என்று கொடுக்கிறோம், சரிதான். ஆனால் கருவாட்டுத் தலையிலும் தூளிலும் உப்பு அதிகம். உப்புத் தின்ற கோழி தண்ணீர் நிறையக் குடிக்கும், நீராகக் கழியும், கூளம் நனையும், ஈ வரும். எச்சம் திடீரென்று இளகினால் முதலில் கருவாட்டை நிறுத்திவிட்டு நாலு நாள் பாருங்கள். மீன் கழிவு என்றால் வேக வைத்து, ஆறவைத்து, உடனே தின்னும் அளவு கொடுங்கள். பச்சைக் குடலைக் கொட்டி வைப்பது பச்சை ஈயைக் கூப்பிடுவதுதான்.

கருவாட்டை நிறுத்தியும் இளகலாகவே இருந்தால், அல்லது எச்சத்தில் இரத்தச் சாயல் இருந்தால், அது இரத்தக் கழிச்சலோ குடற்புழுவோ ஆகலாம். அன்று காலை போட்ட புது எச்சத்தை ஒரு சுத்தமான டப்பாவில் எடுத்துக்கொண்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் குரும்பாபேட்டில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும் போகலாம். எட்டுப் பத்து எச்சத்துக்கு ஒன்று பழுப்பாக, பசை போல, நாற்றத்தோடு விழுவது இயல்பு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அள்ளிய எச்சத்தை எங்கே போடுவது?

கொட்டகையைச் சுத்தம் செய்துவிட்டு, அள்ளியதை வேலியோரம் கொட்டினால் ஈயை இருபதடி இடம் மாற்றியதுதான் மிச்சம். அதுவும் பக்கத்து வீட்டை நோக்கி.

பங்குனி முதல் ஆவணி வரை வெயில் இருக்கும்போது உலர்த்துவதுதான் எளிது. தார்ப்பாயில் ஒரு அங்குலத்துக்கு மேல் உயராமல் பரப்பி, மத்தியானம் ஒருமுறை புரட்டினால் சித்திரை வைகாசி வெயிலில் இரண்டு நாளில் கலகலவென்று காய்ந்துவிடும். சாக்கில் கட்டி நனையாத இடத்தில் வைத்தால் மல்லிகைக்கும் காய்கறிக்கும் நல்ல உரம். கேட்டு வாங்கிப் போவார்கள்.

மழைக்காலத்தில் உலர்த்த வழியில்லை. அப்போது மக்கவைக்க வேண்டும். எச்சம் ஒரு பங்கு, சருகு மூன்று பங்கு, கண்ணளவில் போதும். வாளியைக் கொட்டிய அந்த நிமிடமே மேலே மூன்று அங்குலம் காய்ந்த சருகு மூட வேண்டும். சாயங்காலம் மூடிக்கொள்ளலாம் என்றால் அதற்குள் ஈ முட்டை வைத்துவிடும். முந்திரிச் சருகு தடிமன், மக்கத் தாமதமாகும். மிதித்து நொறுக்கிப் போடுங்கள். குவியல் மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம் வந்தால்தான் உள்ளே சூடேறும். 50 டிகிரியைத் தாண்டினால் புழு சாகும். நடுவில் கையை விட முடியாத சூடு இருக்கும், ஓரத்தில் வெதுவெதுப்பு மட்டும்தான் இருக்கும். புழு நடுவிலிருந்து ஓரத்துக்கு வந்து ஒளிந்துகொள்ளும். அதனால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை ஓரத்தை வெட்டி நடுவில் போட்டுப் புரட்டுங்கள். கறுப்புத் தார்ப்பாயால் மூடி, விளிம்பை ஆறு அங்குலம் மண்ணுக்குள் புதைத்துவிட்டால் உள்ளே தப்பிப் பிறக்கும் ஈயும் வெளியே வராது. சாதாரணமாக மேலே போர்த்தி நாலு கல் வைப்பதால் பயனில்லை.

புரட்டாசி முடிவதற்குள் செய்ய வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகையில் ஈ பெருகுவது நம் பக்கத்தின் பெரிய தொந்தரவு. அந்தச் சமயத்தில் காய்ந்த உமி தேடினால் கிடைக்காது. புரட்டாசிக்குள் உமி ஐந்து சாக்கு, சருகு பத்துச் சாக்கு கட்டி உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கீற்றைப் புதுப்பித்து, கூரை விளிம்பு சுவரைத் தாண்டி மூன்றடி நீண்டிருக்கும்படி இறக்குங்கள். வடகிழக்குச் சாரல் அடிக்கும் பக்கத்துக்குப் படுதா கட்டுங்கள், மழை நின்றதும் சுருட்டிவிடுங்கள். பகல் முழுக்க மூடியே வைத்தால் உள்ஈரம் வெளியேறாது. களிமண் நிலமாக இருந்தால் கொட்டகைத் தரையைச் சுற்று மட்டத்திலிருந்து ஓரடியாவது கிராவலோ செம்மண்ணோ கொட்டி உயர்த்தி, சுற்றிலும் ஒரு சாண் வாய்க்கால் எடுங்கள்.

வெள்ளம் உள்ளே வந்துவிட்டால் தனிக் கணக்கு. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயலில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் நனைந்த கூளத்தைக் காயவைத்துக் காப்பாற்ற நினைக்காதீர்கள். தண்ணீர் வடிந்த மூன்று நாளுக்குள் மொத்தமாக வெளியேற்றி, சருகு கலந்து மூடுங்கள். செத்த கோழியை அன்றே, கிணற்றிலிருந்து தள்ளி, மூன்று நாலடிக் குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். பச்சை ஈ பிணத்தை ஒரு மணி நேரத்துக்குள்ளேயே கண்டுபிடித்துவிடும்.

இருக்கிற ஈயை என்ன செய்வது?

மேலே சொன்னதெல்லாம் புதிதாகப் பிறப்பதைத் தடுக்கும். ஏற்கெனவே பறக்கிற ஈ இரண்டு மூன்று வாரம் உயிரோடு இருக்கும், மண்ணிலுள்ள கூட்டுப்புழுவும் ஒரு வாரம் பொரியும். அதுவரைக்கும் பொறி வையுங்கள்.

இரண்டு லிட்டர் பாட்டிலின் மேல் மூன்றில் ஒரு பகுதியை அறுத்து, மூடியை எடுத்துவிட்டு, அதைத் தலைகீழாக உள்ளே செருகி விளிம்பை டேப் ஒட்டுங்கள். உள்ளே இரண்டு நாள் புளித்த கஞ்சி ஒரு டம்ளர், நசுக்கிய வெல்லம் இரண்டு ஸ்பூன், கட்டைவிரல் அளவு மீன் குடல், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் ஈ நீர்மேல் நின்று திரும்பப் பறந்துவிடும். முதல் நாள் ஒன்றும் விழாது, நாற்றம் ஏறியபின் இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வேலை செய்யும். கொட்டகையிலிருந்தும் சமையலறையிலிருந்தும் இருபதடியாவது தள்ளி, வெயில் படும் இடத்தில், இடுப்பு உயரத்தில் தொங்கவிடுங்கள். வாசலில் கட்டினால் ஊர் ஈயெல்லாம் உங்கள் வாசலுக்கு வரும். வாரம் ஒருமுறை கொட்டிப் புதைத்து மாற்றுங்கள், உள்ளே தண்ணீர் வற்றினால் செத்த ஈயின்மேலேயே புழு வைத்துவிடும்.

பகலில் எங்கோ சுற்றும் ஈ இரவில் கீற்றின் அடியிலும், தொங்கும் கயிறு, ஒயரிலும் வரிசையாக உட்காரும். டார்ச் அடித்துப் பார்த்து, அதிகம் உட்காரும் இடத்தில் கடையில் விற்கும் ஒட்டும் சுருளைத் தொங்கவிடுங்கள். கோழி எட்டாத உயரம், ஆறடிக்கு மேல். சிறகில் ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், சமையல் எண்ணெய் தடவினால் இளகிவிடும். நொச்சிப் புகையும் வேப்பிலைப் புகையும் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஈயை விரட்டும், பெருக்கத்தைத் தொடாது. வேப்பம் புண்ணாக்கை எருக்குழியில் அடுக்குக்கு அடுக்கு தூவினால் புழு வளர்வது ஓரளவு மட்டுப்படும்.

இப்போது மருந்து. நுவான் என்று ஊரெல்லாம் தெரிந்த டைக்ளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டது. யாராவது பழைய பாட்டிலை நீட்டினாலும் வாங்காதீர்கள். வயலுக்குப் போடும் குருணை மருந்தை வெல்லத்தில் பிசைந்து ஈக்கு வைப்பது இதைவிட ஆபத்து. குருணைக்கும் தானியத்துக்கும் கோழிக்கு வித்தியாசம் தெரியாது, ஒரு சில குருணை போதும், நாயும் பிள்ளைகளும் இருக்கிற வீடு வேறு. கண்ட பூச்சிமருந்தைக் கொட்டகைக்குள் அடித்தால் அது முட்டைக்குள் வரும். 2017-இல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் உண்ணிக்கு அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி இருந்ததால் பல லட்சம் முட்டைகளைச் சந்தையிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியிருந்தது. எச்சத்தில் புழு வளராமல் இருக்கத் தீனியில் கலக்கும் சைரோமசின் என்ற மருந்து பெரிய முட்டைப் பண்ணைகளுக்கானது, டன்னுக்கு 5 கிராம் என்ற துல்லியத்தில் எல்லாத் தீனியிலும் கலந்திருக்க வேண்டும். மேய்கிற கோழிக்கு அந்தக் கணக்கு நிற்காது.

கட்டாயம் என்றால் கோழிப் பண்ணைக்கென்றே விற்கும் ஈத் தீனியை (ஈ தின்று சாகும் மருந்துத் தீனியை), கோழியும் பிள்ளைகளும் தொட முடியாத கம்பி வலைப் பெட்டிக்குள் வைத்துப் பயன்படுத்துங்கள். தெளிக்கும் மருந்தானால் கொட்டகையின் வெளிச்சுவரிலும் கீற்றின் வெளி விளிம்பிலும் மட்டும், லேபிளில் உள்ள அளவில். எச்சத்தின்மேல் அடிக்கவே கூடாது. அங்கே நமக்கு உதவுகிற உயிர்கள் இருக்கின்றன. கூட்டுப்புழுவைத் துளைத்து அதற்குள் முட்டையிடும் கொசுவைவிடச் சிறிய குளவி, ஈ முட்டையைத் தின்னும் கறுப்பு வண்டு, பழுப்புச் சிலந்திப்பேன். மருந்தில் அவை முதலில் சாகும். பல தலைமுறையாக மருந்து பார்த்த ஈ பிழைத்துக்கொண்டு, எதிரியில்லாமல் முன்னைவிட வேகமாகப் பெருகும். 'அடித்த பத்தாம் நாள் இரட்டிப்பாக வந்தது' என்பதற்குக் காரணம் இதுதான்.

எருக்குழியில் ஒரு அங்குல நீளத்தில், தட்டையாக, பழுப்பாக, தடித்த தோலோடு நெளியும் புழுவைப் பார்த்தால் கொல்லாதீர்கள். பிஎஸ்எஃப் (பிளாக் சோல்ஜர் ஃப்ளை) என்று சொல்கிறார்களே, அந்தக் கறுப்பு ஈயின் புழு. அது நிறைய இருக்கும் எச்சத்தில் வீட்டு ஈ அதிகம் பெருகாது, அந்த ஈ சமையலறைக்கும் வராது. வீட்டு ஈயின் புழு அரை அங்குலத்துக்குள், பாலாடை வெள்ளையில், ஒரு முனை கூராக இருக்கும்.

ஈயைத் தொந்தரவாக மட்டும் நினைக்க வேண்டாம். கோழியின் நாடாப்புழுவில் ஒரு வகை வீட்டு ஈயைத் தின்பதால்தான் பரவுகிறது. செத்த பிராணியில் நெளியும் புழுவைக் கோழி தின்றால், அதில் சேர்ந்துள்ள நஞ்சால் கழுத்து துவண்டு விழுந்து சாகும். கழிச்சலில் பின்புறச் சிறகு நனைந்து கிடக்கும் கோழியை ஈ மொய்த்தால் அன்றே பிடித்து, வெதுவெதுப்பான உப்பு நீரில் கழுவி, துடைத்து, சுற்றிலும் சிறகைக் கத்தரித்து, தனியாக நிழலில் வையுங்கள். புழு வைத்துவிட்டிருந்தால் இடுக்கியால் எடுத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

குறைகிறதா என்று கண்ணால் மதிப்பிட்டால் ஏமாந்துபோவோம். வெள்ளை அட்டையை போஸ்ட் கார்டு அளவில் வெட்டி, இரவில் ஈ உட்காரும் இடங்களில் மூன்று ஆணி அடித்து மாட்டி, தேதி எழுதிவையுங்கள். ஏழு நாள் கழித்து எடுத்தால் ஈ போட்ட கறுப்பு, பழுப்புப் புள்ளிகள் இருக்கும். ஒரு அட்டையில் 100 புள்ளிக்கு மேல் இருந்தால் பெருக்கம் அதிகம். ஒவ்வொரு வாரமும் அதே ஆணியில் புது அட்டை. முதல் வாரம் பெரிதாக மாறாது, அங்கேதான் பலர் மனம் தளர்ந்து மருந்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள். மூன்றாவது வார அட்டையில் வித்தியாசம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் குடத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, இன்னும் பார்க்காத இடத்தில் கவிழ்த்து வையுங்கள். பக்கத்து வீட்டிலும் விஷயத்தைச் சொல்லி, அவர்கள் மதில் பக்கம் ஒரு அட்டை மாட்டிக்கொள்ளக் கேளுங்கள். உங்கள் அட்டையில் புள்ளி குறைந்து அவர்களுடையதில் குறையாவிட்டால், ஈ பிறக்கும் இடம் வேறு எங்கோ இருக்கிறது, அதை இரு வீட்டாரும் சேர்ந்தே தேடலாம்.